ரிவர்ஸ் எடுக்காமல் திருச்செந்தூர் வரை

ஐப்பசி 4, செவ்வாய். கடலூர்

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது.

கார் ஓட்டத் தெரியும். நன்றாகவே ஓட்டுவேன். நாற்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கினேன். டெஸ்ட் அன்று, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லும் நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்த அதிகாரிக்கு வீட்டிலிருந்து போன். ஏதோ சண்டை போலிருக்கிறது. "சரி சரி, போ" என்றார். எனக்குச் சொன்னாரா, போனில் இருந்தவருக்குச் சொன்னாரா தெரியவில்லை. நான் போய்விட்டேன்.

அன்றிலிருந்து என் வாழ்க்கை முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. அம்பத்தூரில் வீட்டு வாசலில் கிளம்பும் கார் ஒரு சுற்றுச் சுற்றி என் தையல் கடைக்கு வரும். கடையிலிருந்து இன்னொரு சுற்றில் வீடு. எங்கேயாவது பின்னால் எடுக்க வேண்டி வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சாவியை எதிரில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவேன். தெருவில் எனக்குத் தீராத இடுப்பு வலி என்று பேர்.

தீபாவளி முடிந்தது. கடையைப் பூட்டியாயிற்று. அம்பத்தூர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. டேப் நாற்பத்திரண்டு என்று சொல்லும். உரியவர் முப்பத்தெட்டு என்று சாதிப்பார். நான் நாற்பத்திரண்டாகத் தைத்து, "முப்பத்தெட்டுதான்க்கா, துணி கொஞ்சம் தாராளம்" என்று கையில் கொடுப்பேன். இப்படி ஒரு மாதம் பொய் சொன்னவளுக்கு ஒரு வாரம் கடல் காற்று வேண்டாமா? அதுதான் இந்தப் பயணம். பழைய சிவப்பு ஆல்டோ, கடற்கரைச் சாலை, முன்பதிவு கிடையாது, இருட்டுகிற இடத்தில் ரூம், திருச்செந்தூரில் முடிவு. மழைக்காலத்தில் ஒருத்தரும் கடற்கரைக்கு வரமாட்டார்கள், ரூம் சல்லிசாகக் கிடைக்கும் என்று இளங்கோவிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் அதுதான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

இளங்கோவன் என் வீட்டுக்காரர். தொலைபேசி அலுவலகத்தில் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். அவருக்கு ஓட்டத் தெரியாது; ஓட்டுகிறவளுக்குச் சொல்லத் தெரியும். வெளியாள் முன்னால் நான் அவரை "ஏங்க" என்பேன். கார்க் கதவு சாத்தியதும் "டேய்".

ரூம் தேட என்னிடம் மூன்று விதிகள். ஒன்று, ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியேற வேண்டும். பாண்டிச்சேரியில் நாலு விடுதிகள் இதில் அடிபட்டன. "ஏம்மா, கடல் தெரியுதாம்மா, ஏசி இருக்காம்மா" என்று இளங்கோ கெஞ்சினார். ஒரே கேட். தாண்டிவிட்டேன். இரண்டு, குளியலறைக் கண்ணாடியில் பொட்டு ஒட்டியிருக்க வேண்டும். நமக்கு முன்னால் குடும்பப் பெண்கள் தங்கி, உயிரோடு கிளம்பிப் போயிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நற்சான்று இல்லை. இன்றைய லாட்ஜில் ஆறு பொட்டு. ஒரு பெரிய அரக்கு, மாமியாருடையது. அதற்கு எட்டத்தில் ஒரு சின்னக் கறுப்பு, மருமகளுடையது. கண்ணாடியில்கூடப் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாவது விதி: கவுண்டரில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வேன், ஒன்றைத் தவிர. "நீங்க எந்த ஆளுங்க?" அதற்குப் பதில் சொல்லிக் கிடைக்கிற ரூமில் படுப்பதற்குக் காரிலேயே கொசுவோடு கிடப்பேன்.

ஐப்பசி 5, புதன். வேளாங்கண்ணி

நாள் முழுக்க மழை. வைப்பர் ஒன்று வேலை செய்கிறது, என் பக்கத்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல, எல்லாம் கலங்கலா இருக்கு" என்றார் இளங்கோ. கல்யாணமானதிலிருந்து அப்படித்தானே என்றேன்.

தரங்கம்பாடியில் ஒரு பழைய பங்களா விடுதி. அழகு. கதவைத் திறந்தவர் போட்டிருந்த சட்டையின் தையலைப் பார்த்தேன். நமக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டது. வேளாங்கண்ணியில் ரூமுக்குப் பஞ்சமில்லை. இங்கே கேள்வியும் கேட்பதில்லை. ஆதார் அட்டையை வாங்கி, சாவியைக் கொடுத்து, வெந்நீர் காலையில் ஆறு முதல் எட்டு என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இன்றிலிருந்து கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். ஆகவே வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அப்பா ஆரம்பித்திருப்பார், ஆறு நாளும் துளசித் தண்ணீரும் ஒரு வேளைப் பழமும். அது என் கவலை இல்லை. இன்னொரு துண்டும் சாப்பிட்டேன்.

ஐப்பசி 6, வியாழன். கோடியக்கரை

மழை. மிக்சர் தீர்ந்துவிட்டது.

ஐப்பசி 7, வெள்ளி. மணமேல்குடிப் பக்கம்

இந்தக் கரையில் லாட்ஜ் என்று ஒன்று கண்ணில் படவில்லை. உப்பளம், கருவேலம், இறால் பண்ணை, மறுபடியும் கருவேலம். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. சாலையோரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முன்னால் இரண்டு கேட், ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யோசிக்காமல் உள்ளே விட்டேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் பெயர் பஞ்சவர்ணம். வாயில் வெற்றிலை.

"கல்யாணம் ஞாயித்துக்கெழமையில்ல ஆத்தா. நீங்க மாப்ள வீடா, பொண்ணு வீடா?"

"வழிப்போக்கர்க்கா. ஒரு ராத்திரி படுக்க எடம் வேணும்."

"இங்கிட்டு யாரும் அப்படிக் கேட்டதில்லையே!" என்று எங்களைச் சுற்றி வந்து பார்த்தாள். "மாப்ள ரூமு இருக்கு. மெத்த இருக்கு. பொண்ணு ரூமுல பல்லி." என் ரவிக்கையில் அவள் பார்வை நின்றது. "இது எங்க தச்சது?"

"நானே தச்சது."

அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு பட்டு ரவிக்கையைக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குத் தைத்தது, கை ஏறவில்லையாம். ஊசி நூல் எப்போதும் என் பையில் இருக்கும். அக்குளில் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டுத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் அதே அளவுதான் பாரு, அந்தத் தையக்காரப்பயதான் கொறச்சுட்டான்" என்றாள். எல்லா ஊரிலும் இதே வசனம்.

மாப்பிள்ளை அறையில், போன கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. "மண வாழ்க்கை இனிதே" வரைக்கும் இருக்கிறது, மீதி விழுந்துவிட்டது. அதன் கீழே இளங்கோ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். எங்கள் கல்யாணத்துக்கு மண்டபமும் இல்லை, மெத்தையும் இல்லை. பதிவு அலுவலகம், இரண்டு மாலை, சாட்சிக் கையெழுத்துக்கு எதிர் டீக்கடைக்காரர்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிடம் எத்தனை நாள் நாடகம் போடுவது?

எங்கள் ஆட்கள் யார் என்று எழுதமாட்டேன். ஊர்ப் பெயரும் கிடையாது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பீர்கள். தெருவைச் சொன்னால் முடிந்தது. திருச்செந்தூரில் அவர்களுக்கு ஒரு மடம் உண்டு. அவர்கள் மட்டும் தங்கலாம். அதில் ஏழாம் நம்பர் அறை என் அப்பாவின் உபயம். வாசல் நிலைக்கு மேலே சலவைக்கல். "அமரர் சண்முகவடிவு நினைவாக."

சண்முகவடிவு நான்தான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் இளங்கோவோடு பஸ் ஏறினேன். ஊரில் என்னை அன்றே சாகடித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் வரை முறையாக நடந்ததாம். சாப்பாடு பிரமாதமாம்; அத்தை மகள் பேச்சி நேரில் சாப்பிட்டவள், அவள்தான் சொன்னாள். மூன்று வருஷம் முன் அவள் அந்த மடத்தில் தங்கி, கல்லைப் படம் எடுத்து அனுப்பினாள். என் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கட்டிய அறையாம். ஒழுங்காகக் கல்யாணம் செய்திருந்தால் ஒரு பீரோவும் ஸ்கூட்டரும் கிடைத்திருக்கும். செத்ததால் அட்டாச்டு பாத்ரூம்.

அப்பா ஒவ்வொரு சஷ்டிக்கும் அந்த அறையில்தான் தங்குகிறார். போன ஆடியில் அம்மா போய்விட்டாள். எனக்குச் சேதி வந்தது மூன்று வாரம் கழித்து, அதுவும் பேச்சி மூலம். செத்தவளுக்கு யார் சாவுச் செய்தி சொல்வார்கள்? நியாயம்தான்.

அதனால் போகிறேன். மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல், அந்தச் சரக்கெல்லாம் எனக்கு வேண்டாம். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அந்தக் கல்லுக்குக் கீழே, இளங்கோ பக்கத்தில் இருக்க, நான் பேசுவதை அவர் உட்கார்ந்து கேட்டால் போதும். பேசி முடித்ததும் கிளம்பிவிடுவேன்.

இளங்கோவுக்கு இது தெரியாது.

ஐப்பசி 8, சனி. ராமேஸ்வரம்

தெரியுமாம்.

ஆனால் முதலில் ரூம் கதை. இந்த ஊரில் கோயிலைச் சுற்றி வரிசையாகச் சத்திரங்கள், மடங்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சாதி. வெளியில் மழை கொட்ட, நானும் இளங்கோவும் ஒரு குடைக்குள் வாசல் வாசலாக ஏறி இறங்கினோம்.

"நீங்க எந்த ஆளுக?"

"நனைஞ்ச ஆளுங்க" என்றார் இளங்கோ.

அடுத்த இடத்தில் இருந்தவர் விவரம். நேராகக் கேட்கமாட்டார். "சொந்த ஊரு எது?" "அம்பத்தூர்." "அதுக்கு முன்னாடி?" "ஆவடி." "குலதெய்வம் எதுங்க?" "ஆர்.டி.ஓ." என்றேன். சாவி மாட்டியிருந்த பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்.

கடைசியில் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜ். கேள்வி இல்லை. பொட்டு இரண்டு. கேட் ஒன்று. வேறு வழியில்லை, விட்டேன். காலையில் வெளியே எடுக்க நாலு ஆட்டோக்காரர்கள் நியூட்ரலில் தள்ளித் தருவதாகப் பேச்சு. நியூட்ரலில் தள்ளினால் அது ரிவர்ஸ் கணக்கில் வராது.

ரூமுக்கு வந்து தலையைத் துவட்டும்போது இளங்கோ கேட்டார்: "நாளைக்கு நேரா திருச்செந்தூரா?"

"ஆமா. பீச்சு நல்லாருக்கும்லா."

"வடிவு, ராமநாதபுரம் தாண்டினதுலேருந்து நீ பேச்சுக்கு ஒரு 'லா' போடற. கடலூர்லயே எனக்குத் தெரியும்மா. மழை பேஞ்சா மாடியில காயற துணிய எடுக்கக்கூட நீ ஏற மாட்ட. மழைக்காலத்துல பீச்சுன்னு சொன்னா நான் நம்பிடுவனா?"

நான் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டேன். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"அங்க வந்து நான் எதுனா பேசணுமா?"

"வேண்டாம். நீ இருந்தாப் போதும்."

"அவரு அடிச்சாருன்னா?"

"எண்பது வயசு, அஞ்சு நாள் பட்டினி. நீயே சமாளிச்சுக்கோ."

"வெள்ளச் சட்ட எடுத்துட்டு வந்தியா?" என்றார். எடுத்து வந்திருக்கிறேன். அம்பத்தூரிலேயே இஸ்திரி போட்டு வைத்தது.

ஐப்பசி 9, ஞாயிறு. திருச்செந்தூர்

தூத்துக்குடியிலிருந்தே சாலை முழுக்கப் பச்சையும் மஞ்சளும் கட்டிய கூட்டம். சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள் திருச்செந்தூரில் ரூம் கேட்பதும் தீபாவளிக்கு முந்தின நாள் என்னிடம் புது ஜாக்கெட் கொடுப்பதும் ஒன்று. லாட்ஜ் வாசல்களில் எங்கள் காரைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்கள்.

மடம் ஒரு சந்தின் கடைசியில். சந்தின் அகலம் ஒரு கார், ஒரு கை. முடிவில் மடத்து வாசல்; அதற்கப்புறம் சுவர்.

"வடிவு, முட்டுச் சந்தும்மா. உள்ள போனா திரும்ப முடியாது."

"தெரியும்" என்று முதல் கியரைப் போட்டேன்.

வாசலில் மேசை போட்டு மானேஜர் கொம்பையா. பாவம், அவரைச் சுற்றி நாற்பது பேர். வராண்டாவில் கால் வைக்க இடமில்லாமல் பாய்கள். என்னைப் பார்த்ததும், "எங்கிட்டிருந்து வாரிய? நம்ம ஆளுகளா?" என்றார்.

"ஏழாம் நம்பர் ரூம் வேணும்."

"ரூமே கெடையாது. அதுலயும் ஏழு உபயதாரர் ரூமு. ஐயா வந்து அஞ்சு நாளாச்சு."

"நான் உபயதாரர் மக."

"அவுகளுக்கு ஒரே மவதான. அந்தப் பிள்ள எறந்து எத்தன வருசம் ஆச்சு! வாசல்ல கல்லே வச்சிருக்கு."

"கல்லுல என்ன பேரு?"

சொன்னார். நான் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். லைசென்ஸைப் பார்த்தார். பிறகு மேசைக்கு மேலாக எட்டி, என் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார்.

"இது மூணு வருசத்துக்கு முந்திக் குடுத்ததாம்லா போட்டிருக்கு?"

"ஆமா அண்ணாச்சி. செத்தப்புறந்தான் ஓட்டப் பழகினேன்."

பின்னால் பாயில் கிடந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். கொம்பையாவுக்கு வியர்த்தது. இளங்கோவைக் காட்டி, "இவுக?" என்றார்.

"இவராலதான் செத்தேன்."

இளங்கோ வெள்ளைச் சட்டையில் கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கங்க" என்றார்.

"தாயீ, இவுக நம்ம ஆளுகளான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு. கமிட்டிக்கு நான் பதில் சொல்லணும்லா. வேத்தாளு தங்கக் கூடாதுன்னு ரூலு."

"செத்தவ புருசன் தங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா? இருந்தாக் காட்டுங்க."

அப்படி ஒரு ரூல் இல்லை. யாருக்கும் தோன்றியிருக்காது. கொம்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா மௌனத்துல இருக்காவ. திருக்கல்யாணம் முடியுதமுட்டும் பேச மாட்டாவ. கதவு சும்மாதான் சாத்திக் கெடக்கும், தள்ளிக்கிட்டு உள்ள போங்க. அவுக இருன்னா இருங்க, போன்னா போயிருங்க. என்னைய விட்டிருங்க."

ஏழாம் நம்பர். நிலைக்கு மேலே நான். எழுத்து நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

என் பெயர் போட்ட அறைக்குள் திருடி மாதிரித் தள்ளிக்கொண்டு போவதா? தட்டினேன். பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். ஆறாம் நம்பரும் எட்டாம் நம்பரும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தன. "யப்பா, நான் வடிவு வந்திருக்கேன். கதவத் தொறங்க!" என்று கத்தினேன். கொண்டையை முடியாமலே ஒன்பதாம் நம்பர் அம்மாள் வெளியே வந்தாள். மாடியிலிருந்தும் இறங்கி வந்தார்கள். ஏழு மட்டும் திறக்கவில்லை. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது; மனிதர் அசையவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே பிடிவாதம்! மௌன விரதம் வாய்க்குத்தானே, காலுக்குமா? இங்கேயே நிற்கிறேன், நாளைக்கு வரைக்கும் தட்டுகிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

இளங்கோ என்னை மெல்ல விலக்கிவிட்டு, கதவைத் தள்ளினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் செய்த முதல் முரட்டுக் காரியம்.

அப்பா ஜன்னலைப் பார்த்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். முதுகு எலும்பு எண்ணலாம் போல. எங்கள் நிழல் பாயில் விழுந்ததும் திரும்பினார்.

என்னைப் பார்த்தார். இளங்கோவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்து, கட்டிலில் இருந்த தன் பையையும் துண்டையும் எடுத்துப் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். படுக்கை விரிப்பில் இருந்த சுருக்கத்தைக் கையால் ஒரு தடவு தடவினார். மறுபடியும் பாயில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விரதக்காரர்கள் கட்டிலில் படுக்கமாட்டார்கள். எப்படியும் அது சும்மா கிடந்த கட்டில்தான். இதில் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை.

இன்று பேசவில்லை. ஆறு நாள் வண்டி ஓட்டிய அலுப்பு. நாளைக்குப் பேசுகிறேன்.

ஐப்பசி 10, திங்கள். திருச்செந்தூர், ஏழாம் நம்பர்

பேசிவிட்டேன்!

மத்தியானத்துக்கு மேல் மடமே காலி. எல்லோரும் சம்ஹாரம் பார்க்கக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். அப்பாவால் கூட்டத்தில் நிற்க முடியாது போலிருக்கிறது, பாயில் இருந்தார். எங்கள் ஜன்னலுக்கு நேரே கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி. விடியற்காலை நாலு மணியிலிருந்து அது கத்தியதில் இளங்கோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். எனக்கு மண்டை பிளந்தது. அப்பா இமையைக்கூட அசைக்கவில்லை. என்ன மன அடக்கம்! விரதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். அவரிடம் எனக்குப் பிடித்த ஒன்றையாவது எழுதி வைக்கிறேன்.

அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். இளங்கோவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒலிபெருக்கிக்கு மேலே குரல் எழும்ப வேண்டியிருந்ததால் ஆரம்பமே அலறல்தான்.

"யப்பா, நீங்க பேச வேண்டாம். நான் பேசுதேன், கேளுங்க" என்றேன்.

என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் இப்படி ஒருவர் நான் சொன்னதைக் கேட்டதில்லை, இளங்கோ உட்பட.

வெளியே ஒலிபெருக்கி வர்ணனையில் ஆனைமுக அசுரன் வந்தபோது நான் கருமாதிச் சாப்பாட்டில் இருந்தேன். "எம் பதினாறுக்குப் பாயசம் ரெண்டு வகையாம்லா! எனக்குச் சீமந்தத்துக்கு யாரு போட்டா? எதிர் வீட்டு சரஸ்வதியக்கா போட்டா. அவ யாரு, என்ன ஆளுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது." சிங்கமுகன் விழுந்தபோது இளங்கோ. "உங்களுக்கு இவரப் பிடிக்காண்டாம். எனக்கு டைபாய்டு வந்தப்ப முப்பது நாளு எனக்குத் தல பின்னிவிட்டாரு. கோணலாத்தான் பின்னுனாரு. ஆனாப் பின்னுனாரு." இளங்கோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கா. நறுமுகைன்னு பேரு. ஓசூர்ல வேல பாக்கா. உங்க மூக்கு. அது ஒண்ணுதான் நீங்க அவளுக்குக் குடுத்தது."

சூரன் வந்தான். அதற்கு மேல் அம்மா. அம்மாவைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குச் சொன்னது, அவர் கேட்டார், அது போதும். "ஒரு போன். ஒரே ஒரு போன், யப்பா. நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிருப்பேன்லா" என்றபோது கடற்கரையில் சூரன் விழுந்து, ஊரே அரோகரா என்று கத்தியது.

அப்பாவின் கண்ணில் தண்ணீர். ஆறாம் நாள் பட்டினி; கண் எரிச்சலாகவும் இருக்கலாம். எதிரே இருந்த பழத்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, பாதியை என்னிடமும் பாதியை இளங்கோவிடமும் நீட்டினார். இளங்கோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜெயித்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் கிடந்ததில் ஒரு சொல் மிச்சமில்லை. ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய காதில் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குப் பசிக்கிறது.

படுக்கும் முன் நாற்காலி போட்டு ஏறி, நெற்றிப் பொட்டை எடுத்து, வாசல் கல்லில் "அமரர்" என்ற எழுத்தின் மேல் ஒட்டினேன். பெரிய பொட்டுதான், ஆனாலும் "அம" மட்டுமே மறைந்தது. பையிலிருந்து இன்னொன்றை எடுத்து "ரர்" மேலும் ஒட்டினேன். அவசரத்தில் அது சற்றுக் கீழே இறங்கிவிட்டது.

ஐப்பசி 11, செவ்வாய். மீண்டும் சாலையில்

கிளம்பிவிட்டோம். காலையில் பார்க்கிறேன், கீழே இறங்கியிருந்த பொட்டை யாரோ எடுத்து நேராக ஒட்டியிருக்கிறார்கள். இளங்கோவாக இருக்கும். அவருக்குக் கோணல் பொறுக்காது. கேட்டேன், "நான் இல்லியே" என்கிறார். இந்த மனிதருக்கு வயதாகிறது, மறதி.

அப்பா விடியும் முன்பே கடலில் குளிக்கப் போயிருந்தார். சொல்லிக்கொண்டு போவது என் திட்டத்தில் இல்லை. பேசி முடித்ததும் கிளம்புவேன் என்று எழுதியிருக்கிறேன், எழுதினால் எழுதியதுதான்.

ஆனால் கார் முட்டுச் சந்தின் கடைசியில். நேரே மடத்துப் படி, இரண்டு பக்கமும் சுவர். கொம்பையா, "ஒரு டிரைவரக் கூப்பிடட்டா தாயீ?" என்றார். என் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திவிட்டேன். செத்தவளுக்கு ஏது இடுப்பு வலி? இளங்கோவைத் தெருமுனையில் நிறுத்தி ஆட்டோக்களைத் தடுக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, கும்பிட்டு, ரிவர்ஸ் போட்டேன்.

வண்டி ஒரு முழம் பின்னால் வந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தால் சந்துக்கு நட்ட நடுவில் அப்பா. ஈர வேட்டி, திருநீறு. நகரவில்லை. கையை உயர்த்தி, வா, வா என்று ஆட்டுகிறார்.

ஹாரன் அடித்தேன். நகரவில்லை. நீளமாக அடித்தேன். சந்தில் இருந்த ஜன்னல்களெல்லாம் திறந்தன. தலையை வெளியே நீட்டி, "யப்பா, ஓரமாப் போங்க, இடிச்சிருவேன்!" என்று கத்தினேன். ஊம்! கை மட்டும் ஆடுகிறது. வா, வா. கொஞ்சம் இடது. நேராக்கு. வா.

சரி, பிடிவாதத்தில் நானும் அவர் மகள்தான். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், அவர் கை காட்டிய பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தேன். அவரும் என்னைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். சுவரில் ஒரு கீறல் இல்லை. சந்து முடிந்தது. வண்டி பெரிய தெருவில் நின்றது. வாழ்க்கையில் முதல் ரிவர்ஸ்! இளங்கோ நடுத்தெருவில் கைதட்டினார். நான் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, "பாத்தியளா?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஓரமாக நின்று ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கொம்பையா சந்துக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"என்ன தாயீ, இப்படியா ஹாரன் அடிப்பாவ? ஊரே எந்திரிச்சிட்டு. ஐயாவுக்கு ரெண்டு வருசமா ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காதுல்லா."